டீச்சர் வீட்டு டூக்கான்

"அது கடிச்சா எப்படி இருக்கும், டாக்டர்?"

டூக்கான் பறவையை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்ட எல்லோரும் அது கடிக்குமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்ட ஒரே ஆள் டீச்சர்தான். அந்தக் காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திண்டுக்கல்லில் நான் நடத்திவரும் சிறிய கால்நடை மருத்துவமனையின் முன்னறையில், மடியில் ஒரு செருப்புப் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் கால் பிசகிய லவ் பேர்ட்ஸ் ஒன்று. அவரை உள்ளே கூப்பிடப் போன நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் சிறுமலையில் விருந்தினர் பங்களா வைத்திருப்பவர். வருகிறவர்கள் படமெடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு டூக்கானை வாங்கி வைத்திருந்தார். அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளப் பார்த்த ஒரு விருந்தாளியின் காதை அது பிடித்துவிட்டது. அலகின் ஓரங்களை ராவி மழுக்கிவிட வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். "அதுக்குள்ள ரத்தம் ஓடுது சார். நம்ம ஊரு வெயில்ல அது உடம்புச் சூட்டைத் தணிச்சுக்கிறதே அந்த அலகாலதான். நான் ராவ மாட்டேன். உங்களால வச்சுக்க முடியலைன்னா நல்ல ஆளாப் பாத்துக் குடுத்துருங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். திரும்பினால் டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பறவையின் பெயரைக் கேட்டார். தென்னமெரிக்கக் காட்டுப் பறவை என்று சொல்லி, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஆரஞ்சு நிற அலகு. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். இருபது வருடங்களுக்கு மேல் ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். என் மருத்துவமனைக்கு நாயும் பூனையும் கொண்டுவருகிற பெண்களில் பலர் அவரைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். அவரும் ஒவ்வொருத்தியையும் அவள் வரைந்ததைக் கொண்டே ஞாபகம் வைத்திருப்பார். "நீ யானைக்கு ஆறு கால் போட்டவதானே?" என்பார். நடுக்குவாதம் வந்து வலது கை ஆடத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் அவர் முன்னால் பேச மாட்டார்கள். அவரும் அந்தக் கையை எப்போதும் சேலைத் தலைப்புக்குள் வைத்திருப்பார்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். கிளி கடித்தால் சதையே பிய்ந்துவிடும். டூக்கானுக்கு அந்த வலு கிடையாது. அலகு பார்க்கத்தான் பெரிது, உள்ளே பெரும்பாலும் காற்று. ஆனால் ஓரங்கள் அரம்போல் இருக்கும். பிடித்தால் தோல் சிராய்க்கும், கன்றிப்போகும், கண்ணருகே பட்டால் ஆபத்து. குணத்தைப் பற்றியும் சொன்னேன். பேசாது, தவளைபோல் கரகரவென்று குரல் கொடுக்கும். குறும்பு அதிகம். பொருளை வீசினால் பிடித்து விளையாடும். பழகிய ஆளைக் கண்டால் ஓடிவரும். ஆனால் யாராவது தன்னைப் பிடிப்பதை மட்டும் அதனால் பொறுத்துக்கொள்ள முடியாது. தலைக்கு மேலிருந்து வரும் கையும், திடீரென்று அசையும் கையும் அதற்குப் பகை. பயந்தால் கடிக்கும், இணை தேடும் பருவத்தில் காரணமில்லாமலும் கடிக்கும். சொல்லிக்கொண்டே வந்தவள், கை என்ற இடத்தில் என்னை அறியாமல் அவருடைய தலைப்பைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க கைக்கு அது சரிப்படாது டீச்சர்" என்று வாய்விட்டும் சொன்னேன். லவ் பேர்ட்ஸின் காலுக்குக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை அவர் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை இடது கையால் அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஒன்பது நாள் கழித்துத் திரும்ப வந்தார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். எழுத்து வரிகளை விட்டு மேலும் கீழும் ஏறி இறங்கியிருந்தது. என்ன தின்னும், எவ்வளவு இடம் வேண்டும், எத்தனை வருடம் வாழும், வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தால் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொன்னேன். காட்டில் டூக்கான் சிறு பறவைகளின் குஞ்சுகளைத் தின்னும். அதையும் லவ் பேர்ட்ஸையும் ஒரே கூரையின் கீழ் வைக்கவே கூடாது. முகம் வாடியது. அவரிடம் நான்கு இருந்தன. "சரி, மத்ததச் சொல்லுங்க" என்றார். பழந்தின்னி என்பதால் நிமிடத்துக்கு நிமிடம் எச்சமிடும், சுவர்வரை தெறிக்கும் என்றேன். எழுதிக்கொண்டார். இதன் கல்லீரலில் இரும்புச்சத்து சேர்ந்துவிடும், அதிலேயே செத்துப்போகும், அதனால் இரும்பை உடம்பில் ஏற்றிவிடும் புளிப்புப் பழங்கள் ஆகாது, வைட்டமின் சி மிகுந்த ஆயக்குடிக் கொய்யாவைக்கூடக் கொடுக்க வேண்டாம் என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நம்ம ஊர்ல வந்து கொய்யா திங்கக்கூடாதுன்னா அது என்ன பாவம் பண்ணுச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில், "ஒருக்கா பாத்துட்டு மட்டும் வந்துருவோமே டாக்டர். பாக்குறதுல என்ன?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்தவரை என் காரில் ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போனேன்.

பறவை பங்களாவின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில், கிளிக்கூண்டு ஒன்றில் இருந்தது. டூக்கான் தாவித் தாவி வாழும் பறவை. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ இடமில்லையென்றால் அதற்குக் காலும் இறக்கையும் இருந்தும் பிரயோசனமில்லை. அந்தக் கூண்டில் அது திரும்புவதற்கே வாலை மடக்க வேண்டியிருந்தது. வால் நுனி முழுக்கத் தேய்ந்து பிரிபிரியாகக் கிடந்தது. காவல்காரர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றினார். கையுறை உள்ளே நுழைந்ததும் பறவை அலகை மேலும் கீழும் அடித்துச் சத்தம் எழுப்பிக்கொண்டு பாய்ந்தது. "பாத்தீங்களா, சனியன்" என்றார் அவர். டீச்சர் பக்கத்தில் கிடந்த ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கூண்டிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அன்றுதான் அவருடைய வலது கையை நான் முழுமையாகப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். நான் பங்களாக்காரரோடு பேசிவிட்டு வந்தபோது, பறவை கூண்டின் இந்தப் பக்கம் வந்து, தலையைச் சாய்த்து, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "டீச்சர், கை குடுக்காதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆள்காட்டி விரலைக் கம்பியில் வைத்துவிட்டார். அலகு சட்டென்று வந்து விரலைக் கவ்வியது. இழுத்தால் தோல் கிழியும், அதோடு பறவையும் இன்னும் இறுக்கும். டீச்சர் இழுக்கவில்லை. விரல் அலகுக்குள்ளேயே நடுங்கிக்கொண்டிருந்தது. சில நொடிகள்தான். பறவை விட்டுவிட்டுப் பின்னால் தள்ளி நின்று, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தது. விரலில் சிவந்த பல்வரிசைபோல் ஒரு தடம், துளி ரத்தம்கூட இல்லை.

"எப்படி இழுக்காம இருந்தீங்க?" என்று காரில் கேட்டேன்.

"இழுக்கத்தான் நினைச்சேன். கை எங்க என் பேச்சைக் கேக்குது? நான் சொல்லி அது கேக்குறதுக்குள்ள அது விட்டுருச்சு" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் கார் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கதவிடுக்குல விரலு மாட்டுன மாதிரி இருந்துச்சு டாக்டர். என்ன, இந்தக் கதவு யோசிச்சுப் பாத்துட்டு விட்டுருச்சு" என்றார். அவருடைய நோயின் மந்தத்தை, அது வந்த நாளிலிருந்து முதன்முறையாக, ஒரு சௌகரியமாக அவர் பேசியது அன்றுதான் என்று பிற்பாடு அவர் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவர் கணவர் அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்தார். அந்த வாரமே மதிய இடைவேளையில் தனியாக என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "டாக்டரம்மா, நீங்க வேணாம்னு சொன்னா டீச்சர் கேப்பா" என்றார். வீட்டிலும் அவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிட்டேன், எழுதிக்கூட வைத்திருக்கிறார் என்றேன். "அவளைக் கீழ விழாம பாத்துக்கிறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு. இதுல இது கண்ணைக் கிண்ணைக் கொத்திருச்சுன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?" என்றார். அதில் நியாயம் இருந்தது. இன்னொரு முறை அழுத்திச் சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொல்லத் தொடங்கினார்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு டாக்டரம்மா, அவ எங்கூட உக்காந்து சாப்புட்டு. நான் ஆபீசு போன பெறகு அடுப்படியில நின்னுக்கிட்டே தின்னுருவா. சோறு சிந்துறத நான் பாத்துரக்கூடாதுன்னு. கல்யாணம் காச்சி எதுக்கும் வர்றதில்ல. நானும் கெஞ்சிப் பாத்தேன், கோவிச்சும் பாத்தேன். முந்தாநாளு பாக்குறேன், சாப்பாட்டு மேசையில உக்காந்து பப்பாளியத் துண்டு துண்டா நறுக்கி வச்சுக்கிட்டு, நீளக் கரண்டியில எடுத்து எடுத்து இந்தக் கிண்ணத்துல இருந்து அந்தக் கிண்ணத்துல போட்டுக்கிட்டு இருக்கா. பாதி கீழ விழுகுது. நான் நிக்கிறதப் பாத்தும் நிறுத்தல. 'கையால குடுக்காம கரண்டியில குடுத்தா கடிக்காதுல்ல, அதான் பழகுறேன்'ங்கிறா."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் மருந்து அலமாரியைத் திறந்து எதையோ தேடுவதுபோல் நின்றேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டு, "அதுக்குக் கூண்டு எம்புட்டுப் பெருசா வேணும்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வைக்க வந்தவர், ஒரு சீட்டில் நீளம் அகலம் உயரம் எல்லாம் குறித்துக்கொண்டு போனார். வீட்டின் பக்கவாட்டில் வண்டி நிறுத்தும் இடம் கம்பி வலை அடித்த பெரிய அறையாயிற்று. நடுவில் கொய்யாக் கிளைகளையே கட்டினார்கள், பழம்தான் கூடாதே தவிரக் கிளையில் உட்காரலாம் என்று டீச்சர் வேடிக்கையாகச் சொன்னார். இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பறவை கைமாறினால் வனத்துறைக்குத் தெரிவித்துப் பதிவை மாற்ற வேண்டும். அந்தத் தாள்களையெல்லாம் அவர் கணவர் அலுவலகக் கோப்புபோலவே நூல் கட்டி வைத்திருந்தார். லவ் பேர்ட்ஸ் நான்கும் இரண்டு தெரு தள்ளியிருந்த கன்னியாஸ்திரிகள் இல்லத்துக்குப் போயின. கூண்டை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று டீச்சர் அழுததாகக் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. ஆசைப்பட்ட ஒன்றுக்காக ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கொடுத்துவிடுவது எவ்வளவு கடினம் என்பதை, வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி யோசனை சொல்லும்போது நாங்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பறவைக்குத் துரை என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டு நிற்பதுபோல் இருக்கிறதே என்று அவர் கணவர்தான் சொன்னார். முதல் இரண்டு மாதம் துரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. சுவரெல்லாம் பப்பாளி எச்சம். அவர் கணவர் காலையில் ஒரு முறை, அலுவலகம் விட்டு வந்து ஒரு முறை, குழாயைப் பிடித்துக் கழுவிவிடுவார். கழுவும் தண்ணீர் மேலே தெறித்தால் துரைக்குக் கொண்டாட்டம், இறக்கையை விரித்துக்கொண்டு வந்து நிற்கும். அப்படித்தான் அவரோடு முதலில் சிநேகமாயிற்று. டீச்சர் நீளக் கரண்டியில் பழத்துண்டை ஏந்துவார். கரண்டி ஆடும். துரை அதோடு சேர்ந்து தலையை ஆட்டி, குறி பார்த்து, துண்டைக் கொத்தி மேலே எறிந்து தொண்டைக்குள் பிடிக்கும். சிந்துகிற துண்டுகளையும் காற்றிலேயே பிடிக்கப் பழகிக்கொண்டது. இது பாசம் என்று நான் சொல்ல வரவில்லை. பறவையின் மனதில் இருப்பதை அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆடுகிற கரண்டி அதற்கு ஒரு விளையாட்டாகிவிட்டது, நிலையான கரண்டியை நீட்டினால் ஆர்வம் காட்டுவதில்லை என்பதை நானே பார்த்தேன். நல்ல பப்பாளி தேடி டீச்சர் காய்கறிச் சந்தைக்குத் தானே போகத் தொடங்கினார். கடைக்காரர்கள் முன்னால் கையை நீட்டிப் பழத்தை அமுக்கிப் பார்த்து வாங்கினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்த ஒரு காலைவேளையில் அவர் கணவரிடமிருந்து போன் வந்தது. தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. "டாக்டரம்மா, கூண்டு எடுத்துக்கிட்டு வாங்க. இன்னைக்கே இதக் கொண்டுபோயிருங்க" என்றார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் குனிந்த டீச்சரின் முகத்தில் துரை பாய்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டு, மூன்று தையல். நான் போனபோது அவர் கன்னத்தில் பிளாஸ்திரியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு புது மூக்குக்கண்ணாடி கிடந்தது, தடித்த சிவப்புச் சட்டம்.

"அது மேல தப்பில்ல டாக்டர். நேத்துதான் இந்தக் கண்ணாடி வாங்குனேன். புது ஆளுன்னு நினைச்சிருக்கும்" என்றார் டீச்சர்.

"கண்ணு போயிருந்தா? அப்பவும் இதையேதான் சொல்லுவியா?" என்றார் கணவர். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். இது இணை தேடும் பருவம், இந்த மாதங்களில் அது யாரை வேண்டுமானாலும் கடிக்கலாம், கண்ணாடிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நான் பறவையைக் கொண்டுபோய் வேறு இடம் பார்க்கிறேன் என்றேன். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்த அவர் கணவரின் முகம் மாறியது. பிறகு மேசையிலிருந்த சிவப்புக் கண்ணாடியை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தினமும் இரண்டு வேளை தன்னைக் குளிப்பாட்டுகிற மனிதரைப் பார்த்துத் துரை, தூரத்திலிருந்தே அலகைக் கடகடவென்று அடித்துக்கொண்டு வந்து, அவர் மூக்குக்கு நேராகக் கம்பி வலையில் மோதியது. இரண்டடி பின்வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றினார். துரை அமைதியாகி, வலையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீருக்குக் காத்திருப்பதுபோல் அவரைப் பார்த்தது. மறுபடி போட்டார், மறுபடி மோதியது. மூன்றாவது தடவை போட்டபோது அவரே சிரித்துவிட்டார். "ஏலே, நான்தான்டா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த டீச்சரும் பிளாஸ்திரி இழுக்க இழுக்கச் சிரித்தார். நான் கொண்டுபோன கூண்டு காலியாகவே என் காருக்குத் திரும்பியது.

ஆனாலும் அன்று மூன்று பேரும் உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தோம். கண்ணாடிக்குப் பழைய மாதிரியே மெல்லிய சட்டம். உள்ளே போவதென்றால் முகத்துக்குத் தடுப்பு. இணை தேடும் அந்த மூன்று மாதமும் கிண்ணங்களை வெளியிலிருந்தே மாற்றும்படி வலையில் ஒரு சின்னக் கதவு. துரை திருந்திவிட்டது என்று நாங்கள் யாரும் எங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அது கடிக்கிற பறவை. கடிக்க இடம் கொடுக்காமல் அதோடு வாழ முடியுமா என்பதுதான் கேள்வி. முடிந்தது. அதன்பின் இந்த ஐந்து வருடத்தில் டீச்சருக்கு விரலில் நாலைந்து தடங்கள், எனக்குக் கட்டைவிரலில் ஒன்று, அவ்வளவுதான்.

இடையில் பாலசமுத்திரத்தில் அவர்கள் உறவில் ஒரு கல்யாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு இருந்தது. பந்தியில் எனக்கு நேர் எதிரே டீச்சர் உட்கார்ந்திருந்தார். இலையைச் சுற்றிச் சோறும் வெஞ்சனமும் சிந்திக் கிடந்தன. பக்கத்தில் இருந்த பெண்மணி எதையோ கேட்க, துரை திராட்சையைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பதை ஆடும் கையாலேயே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மனைவியையே பார்த்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் அவசரமாகக் குனிந்து அப்பளத்தை நொறுக்கத் தொடங்கினார்.

இப்போது டீச்சருக்கு மாத்திரைகளின் அளவு கூடிவிட்டது. கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறார். பேச்சும் சில நாள் குழறுகிறது. கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். துரையின் சுவரை இப்போதும் அவர்தான் கழுவுகிறார். ஆனால் ஏணியில் ஏறிக் கிளை கட்ட ஆள் வைத்துக்கொள்கிறார். மூன்று மாதம் முன்பு துரைக்கு ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கப் போயிருந்தேன். கல்லீரல் நன்றாக இருந்தது, இரும்புச்சத்து கட்டுக்குள் இருந்தது. இன்னும் பத்து வருடத்துக்குக் குறையாமல் இருக்கும் என்றேன், சந்தோஷமாகத்தான் சொன்னேன். டீச்சரும் அவர் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எங்களுக்கு முடியாமப் போனா, நீங்க எடுத்துக்குவீங்களா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டார்.

எத்தனையோ பேருக்கு நான் வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் பிறந்த நாளுக்கு என்று வந்தவர்களுக்கும், வீட்டுக்கு அழகாக இருக்குமே என்று வந்தவர்களுக்கும் அதே காரணங்களைத்தான் அடுக்கியிருக்கிறேன். இடம், எச்சம், நேரம், கடி, இருபது வருட வாழ்நாள். அந்தக் காரணங்கள் அத்தனையும் எனக்கும் பொருந்தும். நான் தனியாக, வாடகை வீட்டு மாடியில் இருக்கிறேன். பாதி நாள் ஊர் ஊராக மாட்டுத் தொழுவங்களில் நிற்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து, மற்றவர்களுக்குச் சொல்லும் யோசனையை எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. ஆனால், யாரும் அதை வளர்க்கவே கூடாது என்று அந்தக் காரணங்களுக்கு அர்த்தமில்லை, எடுப்பதென்றால் இவ்வளவும் செய்ய வேண்டியிருக்கும் என்றுதான் அர்த்தம் என்பது, இத்தனை வருடம் சொல்லிவந்த எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒரு வாரம் கழித்துச் சரி என்றேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கையில் ஊசியும், அதைப் பிடித்துச் சுற்றும் துண்டும் இல்லாமல் போனாலும் துரைக்கு முதலில் சந்தேகம். நான்கு வாரம் என்னைக் கண்டதும் மேல்கிளைக்குப் போய்விடும். ஐந்தாவது வாரம் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. போன வாரம் கையிலிருந்த திராட்சையை, என் விரலில் அலகு படாமல், வாங்கிக்கொண்டது. என் வீட்டுச் சொந்தக்காரரிடம் மொட்டை மாடியில் பாதியை வலை அடித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட்டேன். அந்தச் செய்தியைச் சொன்னதும் டீச்சரின் கணவர் உள்ளே போய், நீளம் அகலம் உயரம் எல்லாம் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது, டீச்சர் தடியை ஊன்றி வாசல்வரை வந்தார். "இப்பவே தூக்கிட்டுப் போயிராதீங்க டாக்டர்" என்றார். "நான் இன்னும் ரொம்ப நாளு இருப்பேன்."